முகம் தெரிந்தால் போதும்

என் கடைக்கு வருகிறவர்கள் தலையை ஆட்டக் கூடாது. வேண்டுமென்றால் வேண்டும் என்று சொல்லுங்கள், வேண்டாமென்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். கடவுள் வாயைச் சாப்பிடுவதற்கு மட்டும் கொடுக்கவில்லை. நெத்யால்காவுக்கு வயதாகிக் காது மந்தமாகிவிட்டது, அதனால்தான் இப்படிக் கத்துகிறாள் என்று லோம் ஊரில் பேசிக்கொள்கிறார்களாம். பேசட்டும். என் காது நன்றாகத்தான் இருக்கிறது. கெட்டது வெலிச்கோ அண்ணனின் லேப்டாப்புதான்.

என்னுடையது பானித்சாக் கடை, மாவு அடுக்குக்குள் சீஸ் வைத்துச் சுடுகிற பலகாரம். விடிந்தால் மாவு, வெள்ளைச் சீஸ், அடுப்பு. என் சுவரை ஒட்டி அவருடைய லேப்டாப் கடை. முன்பு செருப்புத் தைக்கிறவர் இருந்த இடம். மூன்று பேர் உள்ளே நின்றால் நான்காவது ஆள் தெருவில் நிற்க வேண்டும். வாலிபத்தில் வெலிச்கோ அண்ணன் கம்ப்யூட்டர் தொழிற்சாலையில் இருந்தார். கீபோர்டின் ஒவ்வொரு எழுத்தையும் அழுத்திப் பார்த்து அனுப்புகிற வேலை. ஆட்சி மாறியது, தொழிற்சாலையை இழுத்து மூடினார்கள். பிறகு தர்பூசணி விற்றார், டாக்சி ஓட்டினார். மனைவி பெத்ரானாவின் நர்ஸ் சம்பளத்தில் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் கொஞ்ச காலம் ஓடியது. கடைசியில்தான் இந்தக் கடை. ஜெர்மனி ஆபீஸ்களில் கழித்துக்கட்டிய லேப்டாப்புகளும், புதிதில் ஆக மலிவானவையும் விற்பார்.

எங்கள் ஊரில் லேப்டாப் வாங்க வருகிறவன் எதற்கு வருகிறான்? பிள்ளை முகத்தைப் பார்க்க வருகிறான். அவ்வளவுதான். பாதி வீடுகளில் பிள்ளைகள் இத்தாலியில், இல்லையென்றால் ஸ்பெயினில். என் மகன் கமென் ஸ்பெயினில் லாரி ஓட்டுகிறான். வெலிச்கோ அண்ணனின் ஒரே மகள் ராலித்சா ஜெர்மனியில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். போனில் பார்க்கலாமே என்பீர்கள். கிழடுகளின் கை நடுங்கும். பிள்ளைக்குப் பாதி நேரம் அம்மாவின் காதும் கூரையும்தான் தெரியும். அதனால்தான் லேப்டாப். அதனால்தான் வெலிச்கோ அண்ணன் ஒரு லேப்டாப்பை எடை போடுகிற விதமும் தனியாக இருந்தது.

நான் வாங்கப் போன அன்று கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளி நிறத்தில் ஒன்று மினுக்கிக்கொண்டிருந்தது.

"அண்ணே, அதக் குடுங்க."

"அது சிலுக்குச் சட்ட போட்ட மாப்பிள்ள. பாக்கத்தான் லட்சணம்." ஒற்றை விரலை மூடியின் விளிம்பில் கொடுத்துத் தூக்கினார். மூடியோடு அடிப்பாகமும் சேர்ந்து எழும்பியது. "பாத்தியா? கீல் இறுக்கம், உடம்புல கனம் இல்ல. தெனமும் இப்படித் தொறந்தா ஒரு வருஷத்துல கீல் பிளாஸ்டிக்கையும் பிச்சுக்கிட்டு வந்துரும்."

"அடியில இன்னொரு கையால பிடிச்சுக்கறேன்."

"உன் இன்னொரு கையில எப்பப் பாத்தாலும் மாவு."

பிறகு கறுப்பாக, பார்க்கச் சகிக்காத ஒன்றை எடுத்தார். ஒரு மூலையை மட்டும் பிடித்துத் தூக்கிக் காதருகே வைத்துக் கேட்டார்; முனகவில்லை. கீபோர்டின் நடுவில் கட்டைவிரலை ஊன்றினார். கொஞ்சம் அமுங்கியது.

"அமுங்குதே," என்றேன்.

"அமுங்கத்தான் செய்யும். இந்த விலைக்கு இரும்புலயா வப்பான்? அமுங்குனது திரும்பி எந்திரிச்சு வருதா, அதப் பாரு."

சார்ஜர் முனையைச் செருகி ஆட்டிப் பார்த்தார். கீபோர்டில் எங்கள் எழுத்துகள் இல்லை. ஸ்டிக்கர் ஒட்டித் தருவதாகச் சொன்னார். "வெரல் பட்டுப் பட்டு உரியும். உரிஞ்சா எடுத்துட்டு வா, நகத்தால சொரண்டாத." எல்லாம் முடிந்தது என்று நான் பணப்பையைத் திறந்தபோது, "உன் புருஷனக் கூப்பிடு," என்றார்.

"அந்தாளு எதுக்கு? காசு என்னோடது."

"கூப்பிடுன்னா கூப்பிடேன்."

என் கணவரையும் என்னையும் இரண்டு ஸ்டூல்களில் ஒட்டி உட்கார வைத்து, லேப்டாப்பை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார். மலிவான திரைகளை நேராகப் பார்த்தால் நன்றாகத் தெரியுமாம். கொஞ்சம் பக்கவாட்டில் நகர்ந்தால் முகமெல்லாம் கரி பூசியது மாதிரி ஆகிவிடுமாம். "மகன் பேசுறப்ப ரெண்டு பேரும் ஒட்டி ஒட்டித்தான உக்காருவீங்க. ஒருத்தருக்கு முகம், ஒருத்தருக்கு இருட்டுன்னா வீட்டுல அன்னைக்கு அடுப்பு எரியாது." என் கணவரும் நானும் அத்தனை நெருங்கி உட்கார்ந்து பல வருடம் ஆகியிருந்தது. அவருடைய முழங்கையை நான் தள்ளிவிட்டேன்.

"சத்தம்தான் கொஞ்சம் கரகரங்குது," என்றார் என் கணவர்.

"ஸ்பீக்கர அடியில வச்சிருக்கான், மேசைக்குப் பாட்டுப் பாடுது. துணி மேல மட்டும் வைக்காதீங்க, இருக்கற சத்தத்தையும் துணி குடிச்சுரும். ஆனா ஒண்ணு, முகம் தெரிஞ்சா போதும். காசு இருந்தா கேமராவுக்கும் திரைக்கும் போடு. சத்தத்துக்குப் போடாத. சாப்பிட்டியான்னு கேட்டா அவன் தலையாட்டப் போறான். பெத்தவளுக்குப் புரியாதா?"

ஊர் முழுக்க அவருடைய தீர்ப்பு இதுதான். அதைக் கேட்டுத்தான் எல்லோரும் வாங்கினோம். அந்தக் கறுப்பு லேப்டாப் இன்றும் ஓடுகிறது, அவரைக் குறை சொல்ல முடியாது.

தலையாட்டுவதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு ஆமாம் என்றால் தலை இடமும் வலமும் ஆடும். இல்லை என்றால் மேலும் கீழும் போகும். உலகத்தில் மற்றவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், அது அவர்கள் பாடு. ஒரு கோடையில் ஆற்றங்கரைச் சாலையில் சைக்கிள் மிதித்து வந்த ஜெர்மன்காரர் ஒருவர், பசியில் முகம் வற்றி, என் தட்டைக் காட்டிக் கிடைக்குமா என்று கையால் கேட்டார். நான் வாயெல்லாம் பல்லாக, தலையை இடமும் வலமும் ஆட்டினேன். அந்த மனிதர் பெருமூச்சு விட்டுவிட்டுச் சைக்கிளில் ஏறிவிட்டார். தட்டு நிறையச் சுடச்சுடப் பானித்சா! வாசலில் காபியோடு நின்றிருந்த வெலிச்கோ அண்ணன் காபி சட்டையில் சிந்தச் சிரித்தார். பிறகு ஓடிப்போய் அவரைத் திருப்பிக் கூட்டி வந்தார்.

"விருந்தாளிய வெரட்டி விடுற ஒரே கடை உன்னோடதுதான் தாயே," என்று வெகுநாள் கேலி பேசினார். "வெளிநாட்டுக்காரன் தலைய அப்படியே படிக்காத. திருப்பிப் போட்டுப் படி." எனக்கு அதைச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான்.

பெத்ரானா போனது ஒரு மார்ச் மாதம். நுரையீரலில் ஆரம்பித்து எலும்பு வரை போய்விட்டது. ராலித்சா வந்து இருந்து, அழுது, மறுபடி ஜெர்மனிக்குப் போனாள். அதற்குக் கொஞ்ச நாளில் வெலிச்கோ அண்ணன் வீட்டில் இருந்த நல்ல லேப்டாப்பை யாருக்கோ விற்றுவிட்டு, கடையில் விலை போகாமல் கிடந்த ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினார். எனக்குத் தெரியும் அது எதென்று. ஓய்வுபெற்ற படகுக்காரர் ஒருவர் கால்பந்து பார்த்துக் கத்தவிட்டே ஸ்பீக்கரைக் கிழித்து, திருப்பிக் கொடுத்த சாமான். போதாததற்குப் பக்கவாட்டில் பார்த்தால் அமாவாசை.

"ஊருக்கெல்லாம் பாத்துப் பாத்துக் குடுத்துட்டு, நீங்க இந்தக் குப்பையவா வீட்டுக்குக் கொண்டு போறீங்க?"

"நேராப் பாத்தா நல்லாத்தான் தெரியுது."

"பக்கத்துல இருந்து பாத்தா?"

"பக்கத்துல உக்கார ஆள் எங்க இருக்கு, நெத்யால்கா?"

அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று உள்ளே போய்விட்டேன்.

விளக்கடியில் இருட்டு என்பார்களே, அது அவர் வீட்டில்தான் இருந்தது. அந்த லேப்டாப்பை எதன் மேல் வைத்திருந்தார் தெரியுமா? பெத்ரானா பின்னிய கனத்த நூல் விரிப்பின் மேல். ஞாயிற்றுக்கிழமைகளில் சூப் கொண்டுபோகும்போது பார்ப்பேன். மகள் பேசுவாள், கொஞ்ச நேரத்தில் லேப்டாப் சூடேறிச் சத்தம் இற்றுப்போகும். "துணிய எடுங்கண்ணே," என்பேன். "அது அவ போட்ட எடம். அங்கதான் இருக்கும்," என்பார். "சத்தம் போச்சு தாயீ," என்று மகளிடம் சொல்லிவிட்டுச் சின்னச் சின்னதாகக் கேட்பார். ஜலதோஷம் விட்டுதா? சம்பளம் போட்டாங்களா? அவள் தலையை ஆட்டுவாள், இவர் சிரிப்பார். அப்படியே ஞாயிறுகள் போயின.

போன இலையுதிர் காலத்துக்கு முந்தியதில், ஊரே தெருவில் அடுப்பு வைத்துச் சிவப்புக் குடைமிளகாய் சுட்டுக்கொண்டிருந்தது. சுட்ட மிளகாயை உரித்துக் குளிர்காலத்துக்கு ஜாடி போடாத வீடு எங்கள் பக்கம் கிடையாது. செத்த வீட்டில்கூட ஒருத்தி உட்கார்ந்து மிளகாய் உரிப்பாள். வெலிச்கோ அண்ணனின் ஜாடிகள் மட்டும் வாசலில் கவிழ்ந்து கிடந்தன.

"என்னண்ணே, இந்த வருஷம் ஜாடி போடலையா?"

"குளிர்காலத்துக்கு எங்க இருப்பேனோ," என்றார். முகத்தில் ஒரு கள்ளச் சிரிப்பு. பிறகு என் கடை மேடையில் முழங்கையை ஊன்றி, குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ராலித்சா கிட்டக் கேக்கலாம்னு இருக்கேன். அங்க வந்துரட்டுமான்னு. வெறகு தூக்க முடியல, மாடிப்படி ஏறுனா மூச்சு வாங்குது. அது கெடக்கட்டும். அவ மொகத்த எத்தன நாளைக்குக் கண்ணாடிக்குள்ளயே பாக்கறது?"

"கேளுங்க. இதுல என்ன யோசனை?"

"அவளுக்குப் பாரமா ஆயிட்டா?"

"பெத்த அப்பன் பாரமா? கேளுங்கண்ணே, வாயில என்ன கொழுக்கட்டையா?"

அந்த வாரம் முழுக்க அவர் கால் தரையில் படவில்லை. சந்தையில் ஒரு பெட்டி வாங்கினார். சக்கரம் உருளுகிறதா, கைப்பிடி ஆடுகிறதா என்று லேப்டாப்பைப் பார்க்கிற மாதிரியே பார்த்து வாங்கினார். ஜெர்மனியில் தக்காளி ருசியே இருக்காதாமே என்று என்னிடம் கவலைப்பட்டார். முடி வெட்டிக்கொண்டார்.

திங்கள் காலை கடைக்கு வந்தவர் காபி கேட்கவில்லை.

"கேட்டீங்களா?"

தலையை இடமும் வலமும் ஆட்டினார். கேட்டுவிட்டார்.

"என்ன சொன்னா?"

இப்போது தலை மேலும் கீழும் போனது. மெல்ல, ஒரே ஒரு முறை. வேண்டாம் என்றிருக்கிறாள்.

என்னால் நம்ப முடியவில்லை. "வாயத் தொறந்து அப்படியா சொன்னா?"

"சத்தம் போயிருச்சு. நான் கேட்டு முடிச்சேன், அவ அழுதா. அழுதுகிட்டே இப்படி இப்படி ஆட்டினா." மேலும் கீழும், மேலும் கீழும் என்று ஆட்டிக் காட்டினார். "ஒரு தடவ இல்ல. விடாம ஆட்டினா."

என் வாய் சும்மா இருக்குமா? "ஊரான் வீட்டுக் கெழவனையெல்லாம் குளிப்பாட்டித் தொடச்சு விடுறா, பெத்தவனுக்கு ஒரு கட்டில் போட எடமில்லையாமா? நல்ல வளப்பு!"

அவர் என்னிடம் குரல் உயர்த்தியது அன்று ஒரு நாள்தான். "அவள ஒரு வார்த்த சொல்லாத! அங்க அவளுக்கு என்ன கஷ்டமோ, யாரு கண்டா? மனசு இல்லாதவ அழுவாளா? நானே அவகிட்ட, விளையாட்டுக்குக் கேட்டேன் தாயீ, எனக்கு இங்க கடை இருக்கு, ஊர விட்டு எங்க வரப் போறேன்னு சொல்லிட்டேன். முடிஞ்சு போச்சு. இனிமே இந்தப் பேச்சு எடுக்காத."

எடுக்கவில்லை. அவரும் எடுக்கவில்லை, ஞாயிற்றுக்கிழமைகளில் மகளும் எடுக்கவில்லை. பேச்சு மழைக்கும் சூப்புக்கும் திரும்பியது. அதற்குள் சந்தையில் மிளகாய் ஓய்ந்துவிட்டது. காலி ஜாடிகளோடு குளிர்காலத்துக்குள் போன ஒரே வீடு எங்கள் தெருவில் அவருடையது. நான் என் ஜாடிகளில் பாதியைக் கொண்டுபோய் அவருடைய அலமாரியில் அடுக்கினேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை, நன்றி என்றும் சொல்லவில்லை. லேப்டாப் பார்த்துக் கொடுப்பதில் மட்டும் குறை வைக்கவில்லை. கிழவன் கிழவிகளை ஸ்டூலில் ஒட்டி உட்கார வைத்துக்கொண்டுதான் இருந்தார்.

ஜனவரியில் ஒரு காலை அவருடைய கடைக் கதவு திறக்கவில்லை. விறகுக் கொட்டகையில் கிடந்தார். இதயம் என்றார் டாக்டர்.

அடக்கத்துக்கு வந்த ராலித்சாவிடம் நான் பேசவில்லை. விரல் நுனியால் கையைத் தொட்டுவிட்டு நகர்ந்தேன். அஞ்சலி நோட்டீஸில் அவருடைய படத்துக்குக் கீழே 'அன்பு மகள்' என்று அச்சடித்திருந்ததைப் பார்த்தபோது, அந்தத் தாளைக் கதவிலிருந்து கிழித்து எறியலாமா என்று இருந்தது. அன்பாம்.

நாற்பதாம் நாளுக்கு அவள் மறுபடி வந்தாள். கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு அக்கம்பக்கத்தார் எல்லோரும் வெலிச்கோ அண்ணன் வீட்டுக்குத் திரும்பினோம். ஒவ்வொருவராகப் போன பிறகு அடுக்களையில் அவளும் நானும்தான் மிச்சம். மேசை மேல் பெத்ரானாவின் விரிப்பு, அதன் மேல் மூடிய லேப்டாப். அவள் அதைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடித்திருக்க மாட்டாள். எவ்வளவு கோபம் இருந்தாலும் பசித்த வயிற்றைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியாது. வேகவைத்த கோதுமையைச் சர்க்கரை தூவி ஒரு கிண்ணத்தில் எடுத்து நீட்டினேன்.

"சாப்பிடறியா?"

அவள் தலையை மேலும் கீழும் அசைத்தாள்.

அதற்கும் ஒரு ராங்கி என்று நினைத்துக்கொண்டு கிண்ணத்தைத் திருப்பி எடுத்துப் போனேன். திரும்பிப் பார்த்தால் அவள் கை நீட்டியபடியே இருந்தது.

"அத்தை, குடுங்களேன்."

"வேண்டான்னுதான சொன்ன?"

"வேணும்னு..." என்று தொடங்கியவள் மறுபடியும் தலையை மேலும் கீழும் ஆட்டினாள். பிறகு வெட்கப்பட்டுச் சிரித்தாள். "ஐயோ, அங்கத்துப் பழக்கம் அத்தை. பகல் பூரா அந்தக் கெழவங்களோட இருந்து இருந்து தலை மாறிப் போச்சு."

கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டேன். அவளுக்கு எதிரே உட்கார்ந்தேன். கேட்காமல் விட்டிருக்கலாம். எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன், விட்டிருக்கலாம். ஆனால் நான் அப்படிப்பட்டவள் இல்லை.

"ராலித்சா, அப்பா ஒங்கிட்ட ஒண்ணு கேட்டாரே. அங்க வந்துரட்டுமான்னு."

அவள் கண் நிறைந்தது. "கேட்டாரு. எத்தன வருஷமா அவரு வாயால அதக் கேக்க மாட்டாரான்னு இருந்தேன் தெரியுமா? வாங்கப்பா, நாளைக்கே வாங்கன்னு அழுதுட்டேன். நான் சரின்னு சொல்லச் சொல்ல அவரு மொகம் சுருங்கிப் போச்சு. விளையாட்டுக்குக் கேட்டேன், ஊர விட்டு எங்க வரப் போறேன்னுட்டாரு. நெசமாவே கூப்பிட்டதும் பயந்துட்டாரு போலன்னு நெனச்சேன். அம்மா இருந்த வீட்ட விட்டு வர மனசு வரலையாக்கும், வற்புறுத்தக் கூடாதுன்னு விட்டுட்டேன். அவரு வருவாருன்னு முன்னாடியே கட்டில் வேற வாங்கி வச்சிருந்தேன் அத்தை."

"நீ சொன்னது அவருக்குக் கேக்கல புள்ள."

"கேக்கலன்னா எப்பவும் சொல்லுவாரே, சத்தம் போச்சு தாயீன்னு."

"அன்னைக்குச் சொல்லல. சொல்ல வேண்டிய அவசியம் இல்லன்னு நெனச்சுட்டாரு. நீதான் தலையாட்டிட்டியே."

அவள் என்னையே பார்த்தாள். கிண்ணத்தைப் பார்த்தாள். அவளுக்குப் புரிவதை நான் கண்ணால் பார்த்தேன், அந்தக் காட்சி என் எதிரிக்கும் வேண்டாம்.

"அப்பாகிட்டப் பேசறப்ப நம்ம மாதிரிதான் ஆட்டுவேன் அத்தை," என்றாள். "யோசிச்சு யோசிச்சு ஆட்டுவேன். அன்னைக்கு ஒரு நாளு... சந்தோஷத்துல யோசிக்கல."

முன்பின் தெரியாத சைக்கிள்காரனின் தலையைத் திருப்பிப் போட்டுப் படிக்கத் தெரிந்த மனிதருக்கு, மகளின் தலையை அப்படிப் படிக்கத் தோன்றவில்லை. எப்படித் தோன்றும்? அது வெளியூர்த் தலை ஆகிவிட்டது என்று எந்த அப்பன் நினைப்பான்? முகம் தெரிந்தது, போதும் என்று இருந்துவிட்டார்.

"அப்பா ஒங்ககிட்ட என்ன சொன்னாரு? என்னத் திட்டினாரா?"

"நான்தான் திட்டினேன். அவரு என்மேல பாஞ்சாரு. அவ அழுதா, அவளுக்கு என்ன கஷ்டமோ, அவள ஒரு வார்த்த சொல்லாதன்னாரு."

அவள் அதைக் கேட்டுக்கொண்டே தலையை ஆட்டத் தொடங்கினாள். மேலும் கீழும். சட்டென்று இரண்டு கைகளாலும் தலையை இறுகப் பிடித்து நிறுத்தினாள். நான் எழுந்து போய், அந்த விரிப்பின் மேலிருந்து லேப்டாப்பை எடுத்து வெறும் பலகை மேல் வைத்தேன்.